பழங்குடி அமைப்புகளில் மேலாண்மை ஆய்வு: அனுமதிக் கடிதம் முதல் அறிக்கை வரை

மேலாண்மைத் துறையில் முனைவர் பட்டத்துக்காகத் தமிழ்நாட்டின் பழங்குடி அமைப்பு ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு முதல் ஆண்டு பெரும்பாலும் கடிதம் எழுதுவதிலேயே கரைந்துவிடுகிறது. எந்த அலுவலகத்துக்கு முதலில் போவது, யார் கையெழுத்து எங்கே செல்லும், எந்தத் தாள் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள் என்பதை யாரும் சேர்த்துவைத்துச் சொல்வதில்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்தக் கட்டுரை.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அலுவலகம் தரும் அனுமதி, நீங்கள் உள்ளே போவதற்கு. ஊர் தரும் சம்மதம், அவர்கள் உங்களிடம் பேசுவதற்கு. முன்னது கையில் இருப்பதால் பின்னதும் கிடைத்துவிட்டது என்று நினைத்த ஆய்வுகள்தான் பாதியில் நிற்கின்றன.

1. அது என்ன வகை அமைப்பு என்று உறுதிசெய்யுங்கள்

'பழங்குடி அமைப்பு' என்று ஒரே சொல்லில் சொன்னாலும் சட்டத்தின் முன் அவை வேறு வேறு. யாரிடம் கடிதம் கொடுப்பது, எந்த ஆவணம் கிடைக்கும் என்பதெல்லாம் இதைப் பொறுத்தது.

கூட்டுறவுச் சங்கம்: மலைவாழ் மக்களுக்கான பெரும்பல நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள், அதாவது லேம்ப் சங்கங்கள், கூட்டுறவுத் துறையின் கீழ் வருபவை. இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் (1978, வடநெம்மேலி) அப்படியல்ல. அது தொழிற் கூட்டுறவு என்பதால் தொழில் வணிகத் துறையின் கீழ் வரும். பெயரில் கூட்டுறவு என்று இருக்கிறதே என்று கூட்டுறவுத் துறைக்கு எழுதினால் கடிதம் சுற்றிச் சுற்றி வரும்.

உற்பத்தியாளர் நிறுவனம்: கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவானது. கோத்தகிரியில் உள்ள ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் இந்த வகை. தனிநபர் உறுப்பினர்களுக்கு எத்தனை பங்கு இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குதான். உங்கள் ஆய்வு முடிவெடுக்கும் முறை பற்றியது என்றால் இது முக்கியம்.

அறக்கட்டளை அல்லது பதிவுபெற்ற சங்கம்: கூடலூர்ப் பகுதியில் ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தோடு சேர்ந்து வளர்ந்த மருத்துவமனை, பள்ளி போன்ற அமைப்புகள்.

பதிவே இல்லாத அமைப்பு: ஊரே ஓர் அமைப்புதான். தோடரின் மந்து, கோத்தரின் கோக்கால், இருளரின் பதி, பணியரின் பாடி என்று ஊருக்குப் பெயர் எதுவானாலும், எல்லாவற்றிலும் வேலைப் பங்கீடு, பொறுப்பு, கணக்கு உண்டு. கேரளத்தின் அட்டப்பாடியில் உள்ள இருளர் ஊர்களில் ஊர் மூப்பன், அவருக்குத் துணையாகக் குறுதலை, பொருளைக் காக்கும் பண்டாரி, மண்ணும் விதைப்பும் அறிந்த மண்ணுக்காரன் என்று நான்கு பொறுப்புகள் இருக்கின்றன. மேலாண்மைப் பாடநூலின் நிறுவன வரைபடத்தில் மண்ணுக்காரனுக்கு எந்தப் பெட்டியும் கிடையாது. ஆய்வு செய்யத் தகுந்தது அங்கேதான் இருக்கிறது.

2. சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எழுதுவதற்கு முன் ஒரு முறை போய் வாருங்கள்

தலைப்பைப் பல்கலைக்கழகத்தில் பதிவுசெய்துவிட்டு அதற்கேற்ற ஊரைத் தேடுவதுதான் வழக்கம். வரிசையை மாற்றுங்கள். குறிப்பேடு, ஒலிப்பதிவு எதுவும் இல்லாமல் இரண்டு மூன்று நாள் போய், "உங்கள் சங்கத்தைப் பற்றி யாராவது எழுதினால் எதை எழுத வேண்டும்? எதை எழுதக் கூடாது?" என்று கேளுங்கள். வருகிற பதில் உங்கள் ஆய்வுக் கேள்வியை மாற்றிவிடும். பதிவுக்கு முன்பே மாறினால் செலவில்லை. பதிவுக்குப் பின் தலைப்பை மாற்ற வேண்டுமென்றால் ஆய்வுக்குழுக் கூட்டம், புதுப் படிவம், கட்டணம், ஒரு பருவம் என்று எல்லாம் போகும்.

யு.ஜி.சி. 2022 விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குப் பாடநெறியும் சேர்த்துக் குறைந்தது 3 ஆண்டு, பொதுவாக அதிகபட்சம் 6 ஆண்டு. பழங்குடி ஊரில் களப்பணி என்றால் 3 ஆண்டில் முடிப்பேன் என்று கைடிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

3. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல்

பல மேலாண்மைக் கல்லூரிகளில் தனியாக நெறிமுறைக் குழு இருக்காது. பல்கலைக்கழகத்தின் பொதுக் குழுவுக்கு அனுப்ப முடியுமா என்று சேர்ந்த முதல் மாதத்திலேயே கேட்டுவிடுங்கள். களப்பணி முடிந்த பிறகு பின்தேதியிட்டு ஒப்புதல் வாங்க முடியாது. நல்ல ஆய்விதழ்கள் ஒப்புதல் எண்ணும் தேதியும் கேட்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் உடல்நலம் சார்ந்த ஆய்வுக்காக எழுதப்பட்டவை. ஆனாலும் பழங்குடி மக்கள் பற்றி அவை சொல்வதைப் பல குழுக்கள் அளவுகோலாகக் கொள்கின்றன. அதன் சாரம்: ஊருக்குள் போகும் முன் பழங்குடியினர் நல ஆணையர் அல்லது கலெக்டர் போன்ற அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். ஊர்ப் பெரியவர்களோடும் அவர்கள் மொழி தெரிந்தவரோடும் கலந்து, சாட்சி முன்னிலையில் சம்மதம் பெற வேண்டும். தலைவர் சரி என்று சொன்னாலும் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும். அவர்களின் அறிவு வணிகத்துக்குப் போகும் வாய்ப்பிருந்தால் பயனில் பங்கு தர வேண்டும்.

விண்ணப்பத்துக்குப் பின்புலம் தேவைப்பட்டால் இரண்டு ஆவணங்கள் உதவும். ஒன்று, தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் தங்களை ஆய்வு செய்ய வருவோருக்காக 2017-இல் தாங்களே வெளியிட்ட நெறிமுறை. சில பக்கங்கள்தான், படிக்க எளிது. மற்றது, தொல்குடித் தரவுகளுக்கான 'கேர்' கோட்பாடுகள் (2019). கூட்டுப் பயன், தரவின் மீதான அவர்களுடைய அதிகாரம், ஆய்வாளரின் பொறுப்பு, நெறி என்று நான்கு தலைப்பு. இவற்றை மேற்கோள் காட்டுவதோடு நிறுத்தாமல், உங்கள் ஆய்வில் ஒவ்வொன்றும் எந்தச் செயலாக வரும் என்று ஒரு வரியாவது எழுதுங்கள். குழுவில் கேள்விகள் பாதியாகக் குறையும்.

4. அரசு அனுமதிகள்

தயாராக வைத்திருக்க வேண்டியவை: கைடு, துறைத்தலைவர் கையெழுத்திட்ட முகப்புக் கடிதம், இரண்டு பக்க ஆய்வுச் சுருக்கம் தமிழில், கேள்விப் பட்டியல், நெறிமுறைக் குழு ஒப்புதல், பல்கலைக்கழக அடையாள அட்டை, ஆதார் நகல், போகப்போகும் ஊர்களின் பட்டியல், நாட்கள், உடன் வருபவர்களின் பெயர். ஐந்து தொகுப்பு எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கடிதம் பழங்குடியினர் நல இயக்குநரகத்துக்கு. அதன் நகல் மாவட்ட ஆட்சியருக்கும், ஊட்டி அருகே முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்துக்கும். நேரில் கொடுத்தால் தபால் பிரிவில் முத்திரையும் தேதியும் போட்ட நகல் இல்லாமல் வெளியே வராதீர்கள். பின்னால் விசாரிக்கப் போகும்போது அந்த எண்தான் பேசும்.

ஊர் காட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். முதுமலை, சத்தியமங்கலம், ஆனைமலை, களக்காடு முண்டந்துறை, ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை ஆகிய புலிகள் காப்பகங்களுக்குள் அமைந்த ஊர் என்றால், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவுப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதிச் சீட்டு வேண்டும். "நான் மனிதர்களைத்தானே ஆய்வு செய்கிறேன்" என்ற வாதம் செல்லாது. உள்ளே நுழைவதற்கே அனுமதி தேவை. இதற்கு ஆறு மாதம் ஒதுக்குங்கள். சீக்கிரம் வந்தால் நல்லது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தமிழர்கள் இங்கே கூடுதல் கவனம் வைக்க வேண்டும். உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் (2002), வெளிநாட்டினரோடு வருமான வரிச் சட்டப்படி இந்தியாவில் வசிக்காதவர் என்று கருதப்படும் இந்தியக் குடிமக்களுக்கும் பொருந்தும். தேன், மூலிகை, பாம்பு நஞ்சு போன்றவை சார்ந்த அறிவை ஆய்வுக்காகப் பதிவுசெய்வதாக இருந்தால் முன்கூட்டியே சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் ஒப்புதல் பெற வேண்டும். மேலாண்மை ஆய்வுதானே என்று விட்டுவிடாதீர்கள். 'தேன் சேகரிப்புக் குழுவின் பணிப்பகிர்வு' என்று தொடங்கும் நேர்காணல் பத்தாவது நிமிடத்தில் எந்த மரம் எப்போது பூக்கும் என்பதற்குப் போய்விடும்.

ஒரு பொறி: ஜார்க்கண்ட், ஒடிசா ஆய்வேடுகளிலிருந்து கடித வாசகத்தை அப்படியே எடுக்காதீர்கள். அவற்றில் 'பெசா' சட்டப்படி (ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளில் கிராம சபைகளுக்கு அதிகாரம் தரும் சட்டம்) என்று ஒரு வரி இருக்கும். தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி பழங்குடிப் பகுதி எதுவும் அறிவிக்கப்படாததால் அந்தச் சட்டம் இங்கே பொருந்தாது. அந்த ஒரு வரி, கடிதம் எழுதியவருக்கு இந்த மண்ணைப் பற்றித் தெரியாது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

5. ஊரின் சம்மதம்

ஊராட்சியின் கிராம சபை வேறு, 2006 வன உரிமைச் சட்டம் சொல்லும் கிராம சபை வேறு. முன்னது ஆண்டுக்கு ஆறு முறை (ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1) கூடும். பல குக்கிராமங்களும் பழங்குடி அல்லாதவர்களும் அதில் இருப்பார்கள். பின்னது அந்தக் குடியிருப்பு அளவிலேயே அமையக்கூடியது. ஊராட்சிக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வாங்கிவிட்டு அதையே பதியின் சம்மதம் என்று ஆய்வேட்டில் எழுதினால் அது உண்மையாகாது. மரபறிவின் மீது சமூகத்துக்கு உள்ள கூட்டு உரிமையை வன உரிமைச் சட்டத்தின் 3(1)(k) உட்பிரிவு ஏற்கிறது. தமிழ்ப் பதிப்பில் உட்பிரிவு எழுத்து வேறாக இருக்கலாம் என்பதால், மேற்கோள் காட்டும்போது எழுத்தை மட்டும் நம்பாமல் 'பல்லுயிர், அறிவுச் சொத்து, மரபறிவு' என்ற வாசகத்தையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

மூப்பனிடம் முதலில் பேசுங்கள், ஆனால் அவரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். பெண்கள் கூடும் நேரத்தில் தனியாக ஒரு முறை சொல்லுங்கள். "யோசித்துச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு ஒரு வாரமாவது கழித்துப் போங்கள். அன்றே கையெழுத்து கேட்டால் சரி என்றுதான் சொல்வார்கள், அது வந்த விருந்தாளியைத் திருப்பி அனுப்பாத பண்பு. சம்மதம் என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. தாளில் கைநாட்டு வைப்பது கடன், நிலம் பற்றிய பழைய கசப்புகளைக் கிளறும். வாய்மொழிச் சம்மதத்தைச் சாட்சியோடு ஒலிப்பதிவு செய்யலாம் என்று நெறிமுறைக் குழு விண்ணப்பத்திலேயே எழுதி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

6. ஆவணங்களை எங்கே, எப்படிப் பெறுவது

கூட்டுறவுச் சங்கம் என்றால் துணைவிதிகள், தணிக்கை அறிக்கை, பேரவைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு மூன்றும் வேண்டும். முதலில் சங்கத்திடமே கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். ஆனால் மனுவைச் சங்கத்தின் பெயருக்கு அனுப்பக் கூடாது. கூட்டுறவுச் சங்கங்கள் பொதுவாக அந்தச் சட்டம் சொல்லும் பொது அதிகார அமைப்பு அல்ல என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தலப்பலம் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் கூட்டுறவுச் சங்கங்களைக் கண்காணிக்கும் பதிவாளர் பொது அதிகார அமைப்பு. சட்டப்படி அவர் பெறக்கூடிய தகவலை அவரிடம் கேட்கலாம். எனவே மனு பதிவாளர் அலுவலகத்துக்கு. கட்டணம் ₹10 (நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம்), நகலுக்குப் பக்கத்துக்கு ₹2. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

தகவல் உரிமை மனுவைச் சங்கத்துக்குத் தெரியாமல் போடாதீர்கள். உங்கள் மனு பதிவாளர் அலுவலகத்திலிருந்து சங்கத்துக்குப் போய்ச் சேரும்போது, யாரோ தங்கள் மேல் புகார் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் அங்கே நினைப்பார்கள். முன்னதாகவே சொல்லிவிட்டால் அவர்களே தேதி, எண் எடுத்துக்கொடுப்பார்கள்.

உற்பத்தியாளர் நிறுவனம் என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் ₹100 கட்டி ஆண்டறிக்கை, நிதிநிலை அறிக்கை, நிறுவன விதிகளைப் பார்க்கலாம். பார்ப்பதற்குக் கால வரம்பு உண்டு. பணம் கட்டிய கையோடு எல்லாவற்றையும் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

7. எப்போது போவது, எவ்வளவு ஆகும்

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கனமழை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் மண்சரிவும். தேன் வெட்டும் கோடை மாதங்களில் ஆண்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். டிசம்பர், ஜனவரியில் தோடர்களுக்கு மொற்பர்த், கோத்தர்களுக்குக் கம்பட்டராயர் திருவிழா. அந்த நாட்களில் நேர்காணல் கேட்டுப் போகாதீர்கள். ஆக, நீலகிரியில் நிம்மதியாக உட்கார்ந்து பேச பிப்ரவரி, மார்ச் ஏற்ற மாதங்கள்.

வெளியூர் வண்டியில் நீலகிரிக்குப் போனால் இ-பாஸ் கட்டாயம் (2024 மே முதல்). கட்டணம் இல்லை. அரசுப் பேருந்தில் போனால் தேவையில்லை. மைசூர்ப் பக்கமிருந்து பந்திப்பூர் வழியே வருகிறவர்களுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை சாலை மூடியிருக்கும். யானை நடமாட்டம் உள்ள ஊர்களில் மாலை ஐந்து மணிக்குமேல் நேர்காணல் வைக்காதீர்கள். உங்களைப் பேருந்து நிறுத்தம்வரை கொண்டுவிட வருபவர் தனியாகத் திரும்பி நடக்க வேண்டியிருக்கும்.

செலவில் பெரும்பாலோர் மறப்பது இரண்டு. ஒன்று, பேச உட்கார்பவர் இழக்கும் கூலி. அரை நாள் பேசினால் அன்றைய உள்ளூர் அரை நாள் கூலி தர வேண்டும். தனித்தனியாகக் கொடுப்பதா, ஊர்ப் பொதுவுக்குக் கொடுப்பதா என்று அவர்களே சொல்லட்டும். இரண்டாவது, மொழிபெயர்ப்பு. ஒரு மணி நேர இருளமொழிப் பதிவை எழுதித் தமிழாக்க உள்ளூர் இளைஞர் ஒருவருக்கு ஒரு முழு வேலைநாளுக்கு மேல் பிடிக்கும். 40 நேர்காணல் என்றால் கிட்டத்தட்ட இரண்டு மாதக் கூலி. கேமராவுக்குப் பணம் ஒதுக்கிவிட்டு இதற்கு ஒதுக்காத திட்டங்கள்தான் நிறைய.

8. கேட்கும் முறை

இருளமொழி தமிழுக்கு நெருக்கமானது. அதனாலேயே புரிந்துவிட்டது என்று நினைத்துவிடுவோம். தமிழில் கேட்டால் அலுவலகத்துக்குச் சொல்லும் பதில்தான் வரும். அவர்கள் மொழியிலேயே பேச விடுங்கள், உள்ளூர் ஆள் வைத்துக் கேளுங்கள்.

'முழுவதும் ஏற்கிறேன்' முதல் 'முழுவதும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டம் போட்ட கேள்வித்தாள் இங்கே வேலை செய்வதில்லை. எல்லாக் கட்டத்துக்கும் 'ஆமாம்' விழும். பதிலாக நான்கு பட அட்டைகளைத் தரையில் வைத்து, இருபது மொச்சை விதை கொடுத்து, எது முக்கியமோ அதன்மேல் கூடுதலாக வையுங்கள் என்று சொல்லுங்கள். வைக்கும்போது அவர்களுக்குள் நடக்கும் வாக்குவாதம்தான் தரவு. விதை எண்ணிக்கையை விட அதைக் கவனமாகப் பதிவுசெய்யுங்கள்.

பாடநூல் சொற்களைக் கதவுக்கு வெளியே கழற்றிவையுங்கள். ஊரில் சாவு விழுந்தால் உறவுக்காரர் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் போவார்கள். அதை 'பணிக்கு வராமை' என்ற நெடுவரிசையில் சேர்த்தால் எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆய்வு தவறாக இருக்கும். குறும்பர் தேன் வெட்டும்போது பாறையில் தொங்குகிறவரின் கயிற்றை மேலே இருந்து காப்பவர் பெரும்பாலும் மனைவியின் சகோதரர். தன் உடன்பிறந்தாளின் தாலிக்கு ஆபத்து வர விடமாட்டார் என்பது கணக்கு. 'குழு நம்பிக்கை' என்று அளவுகோல் வைத்து அளப்பதற்கு முன், யார் கயிற்றை யார் பிடிக்கிறார்கள் என்று உறவுமுறையோடு ஒரு பட்டியல் போடுங்கள்.

வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் சங்கத்தில் மண்பானைகள் வரிசையாக இருக்கும். வாயில் துணி கட்டியிருக்கும், உள்ளே மணல், அதற்குள் பாம்பு. வாரம் ஒரு முறையாகச் சில முறை நஞ்சு எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விடுவார்கள். புதிய ஆய்வாளர் பானைகளை எண்ணி 'இருப்பு மேலாண்மை' என்று எழுதிவிட்டு வருவார். தடத்தைப் பார்த்து வளை எது, உள்ளே இருப்பது எது, எங்கே கடப்பாரை போடுவது, எதைப் பிடிக்காமல் விடுவது என்ற முடிவுகள் வெளியே வயலில் நடக்கின்றன. கணவனும் மனைவியும் சேர்ந்தே போகும் இடங்களில், பதிவேட்டில் யார் பெயர் ஏறுகிறது, வேலையை யார் யார் செய்தார்கள் என்று இரண்டு கேள்வியாகப் பிரித்துக் கேளுங்கள்.

9. எழுதும்போதும் எழுதிய பிறகும்

பெயரை மறைத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருக்க முடியாது. 'பாம்பு பிடிக்கும் பழங்குடிக் கூட்டுறவு ஒன்று' என்று எழுதினால் படிக்கும் எல்லோருக்கும் எது என்று தெரியும். அமைப்பின் பெயரைப் போடுவதா என்பதை அவர்களின் நிர்வாகக் குழுவிடம் கேட்டுத் தீர்மானியுங்கள். உள்ளே யார் என்ன சொன்னார் என்பது அடையாளம் தெரியாதபடி, 'செயலாளர்', 'பெண் இயக்குநர்' போன்ற பதவிப் பெயர்களையும் மாற்றுங்கள். ஒரே ஒரு பெண் இயக்குநர் இருக்கும் குழுவில் அந்தச் சொல்லே அவர் பெயர்தான்.

தேன் பாறைகள் இருக்கும் இடம், மூலிகையின் பெயரும் பயன்படுத்தும் முறையும், சாமி காரியங்கள் இவை ஆய்வேட்டில் வேண்டாம். வரைபடத்தில் புள்ளி வைக்காதீர்கள். ஆய்வேடு இணையத்தில் ஏறிவிடும், பிறகு திரும்ப எடுக்க முடியாது.

சமர்ப்பிக்கும் தேதிக்கு மூன்று மாதம் முன்பு, முடிவுகளை நான்கு பக்கத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஊருக்கு எடுத்துப்போங்கள். படிக்காதவர்களுக்காக அவர்கள் மொழியில் பத்து நிமிட ஒலிப்பதிவு ஒன்று. தவறு என்று அவர்கள் சுட்டுவதைத் திருத்துங்கள். உடன்பட முடியாத இடத்தில் அவர்கள் மறுப்பையும் சேர்த்து அச்சிடுங்கள். கேள்வியை வடிவமைத்து, மொழிபெயர்த்து, விளக்கம் சொன்ன உள்ளூர் ஆள் கட்டுரையில் இணை ஆசிரியராக வர வேண்டியவர். நன்றியுரையில் ஒரு வரி அதற்கு ஈடாகாது. விரும்புகிறாரா என்று கேளுங்கள்.

ஒலிப்பதிவுகளின் ஒரு முழு நகலைப் பென் டிரைவில் அமைப்பிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு எழுதி வாங்குங்கள். பேசியவர் வேண்டாம் என்று சொன்ன பகுதிகளை அந்த நகலிலிருந்தும் உங்கள் கணினியிலிருந்தும் முதலில் நீக்கிவிடுங்கள். ஆய்வேட்டின் கட்டிய பிரதி ஒன்றையும் அதோடு கொடுங்கள். பல்கலைக்கழகத்துக்கு எத்தனை பிரதி வேண்டும் என்று அச்சகத்தில் சொல்லும்போதே இதற்கும் சேர்த்துச் சொல்லிவிட்டால் தனிச் செலவு அதிகம் வராது.